காயத்துக்கு விரால்

விராலை ஒரே அடியில் கொன்றுவிடலாம் என்று சொல்கிறவர்கள் விராலைக் கொன்றதே இல்லை. மற்ற மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிவிட்டு அடங்கிப் போகும். இது அடங்காது. காற்றைக் குடித்துக்கொண்டு வாளிக்குள் பொறுமையாகக் கிடக்கும். மூடியைத் திறந்ததும் முகத்துக்கு நேராகப் பாயும். ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிக்கொண்டு, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மண்டையின் நடுவில் கட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். அடி தவறினால் தோல் கிழியும், ரத்தம் வரும், உயிர் மட்டும் போகாது. ரத்தத்தோடு தரையில் துள்ளி ஓடுவதை விரட்டிப் பிடித்து இன்னொரு தடவை அடிக்கும்போது கோபம் வந்துவிடும். மீன்மேல் என்ன கோபம் என்று கேட்கலாம். ஆனால் வரும்.

அடிக்க வேண்டிய இடம் இப்போது என் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ரவாங்கில், உணவுப் பொருள்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பதால் சொந்தக்காரர்கள் என்னைப் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டுவார்கள். நான் சாஸில் உப்பு எவ்வளவு, நூடல்ஸில் மாவு எவ்வளவு என்று பார்க்கிறவள். போன வருஷம் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. விரால் சாற்றைச் சின்னப் பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள். எந்த அளவு மீனில் அமினோ அமிலம் அதிகம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த நாட்டில் யாருக்கு ஆபரேஷன் நடந்தாலும், பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தாலும், வீட்டில் முதலில் தேடுவது விராலைத்தான். மலாய்க்காரர்கள் ஹருவான் என்று சொல்லி வேகவைத்துக் கொடுப்பார்கள். சீனர்கள் சூப் வைப்பார்கள். நாம் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்போம். மற்ற எதில் ஒத்துப் போகாவிட்டாலும் காயத்துக்கு விரால் என்பதில் மூன்று இனத்துக்கும் சண்டை கிடையாது. சண்டையெல்லாம் எந்த அளவு மீன் என்பதில்தான். இளசில்தான் சத்து என்று ஒரு கூட்டம், பெரிசுதான் நின்று வேலை செய்யும் என்று ஒரு கூட்டம். கிழிந்த சதையைக் கட்டுவதற்கு உடம்பு கேட்பது அமினோ அமிலங்களைத்தான் என்பதால், கம்பெனிக்காரர்கள் அந்தச் சண்டையை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.

சோதனையும் ஒன்றும் சாதுவான வேலை அல்ல. அடித்துக் கொன்ற மீனின் சதையை அறுத்தெடுத்து, உலர்த்தி, மாவாக அரைத்து, கண்ணாடிக் குழாயில் கடும் அமிலம் ஊற்றி, ஒரு நாள் பூராவும் அடுப்பில் வேகவைப்போம். புரதம் துண்டு துண்டாக உடைந்து போகும். அப்படி உடைத்தால்தான் அது எதனால் ஆனது என்று இயந்திரம் கணக்குச் சொல்லும். ஒரே ஒரு அமினோ அமிலம் மட்டும் அந்த அமிலத்தைத் தாங்காமல் அழிந்துவிடும். அதற்குத் தனியாக வேறு முறை வைத்திருக்கிறோம். சேர்ந்த புதிதில் இதையெல்லாம் செய்வதற்கு எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவிலும் ஒரே தீனி தின்று ஒரே இடத்தில் வளர்ந்த மீன் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோது, எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான். அது என் அக்கா வீட்டுக்காரனின் பண்ணை.

அவனை நேரில் மாமா என்றுதான் கூப்பிடுவேன், மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போதும் 'அவர்' என்று வந்து ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. தட்டிவிட்டேன். இங்கே அவன் அவன்தான்.

பண்ணை கோலசிலாங்கூர் பக்கம், நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. செம்பனை மரங்கள் முடிந்து கால்வாய் தொடங்கும் இடத்தில், குத்தகை நிலத்தில், இரண்டு மண்குளமும் வரிசையாகக் கான்வாஸ் தொட்டிகளும் போட்டிருந்தான். தீனிக்குக் கோழிக்குடல். அதை நறுக்குவதற்குப் பலகையின்மேல் எப்போதும் ஒரு பாராங் கத்தி கிடக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாற்றம் வீட்டுக்குள் வரும். அக்கா அந்த நாற்றத்துக்குள்தான் குடித்தனம் செய்தாள். பிள்ளைகள் இல்லை. நான் வேனில் போய் இறங்கினால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "என் மேல நாறுதாடி?" என்று கேட்பாள். நான் இல்லை என்பேன். அவள் நம்ப மாட்டாள்.

விரால் வளர்ப்பில் உயிர்நாடி, அளவு பிரிப்பது. சின்னதையும் பெரிசையும் ஒரே தொட்டியில் விட்டால் பெரிசு சின்னதைத் தின்றுவிடும். பசிக்காகத்தான் என்றும் சொல்ல முடியாது. வயிறு முட்டத் தீனி போட்ட பிறகும் தின்னும். தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைத் தலையிலிருந்து விழுங்கி, வால் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மூச்சு முட்டித் தானும் செத்துக் கிடந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதனால் வாராவாரம் வலைபோட்டு, கையால் எடுத்துப் பிரிக்க வேண்டும். அந்த வேலை அக்காவுடையது. அவள் கை மீனைத் தொட்டதும் அளவு சொல்லும், தராசு பிறகுதான்.

புரட்டாசி தொடங்கி முதல் சனிக்கிழமை கழிந்திருந்தது. நடுத்தர மீன்கள் இருந்த தொட்டிக்கும் பெரிய மீன்கள் இருந்த தொட்டிக்கும் நடுவில் தண்ணீர் மாற்றும் குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் கட்டியிருந்த வலையை அக்கா கழுவுவதற்காக அவிழ்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க ஓடியவள் வலையைக் கட்ட மறந்துவிட்டாள். காலையில் பார்த்தால் நடுத்தரத் தொட்டியில் பாதி மீன் இல்லை. மிச்சத்தில் பலதுக்கு வால் இல்லை, சிலதுக்கு வயிறு இல்லை, ஆனாலும் நீந்திக்கொண்டிருந்தன. அவை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கென்று ஒதுக்கிய மீன்கள்.

அவன் குடல் நறுக்கிக்கொண்டிருந்தானாம். எழுந்து வந்தானாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். அக்கா தலையைக் காப்பாற்ற இடது கையைத் தூக்கினாள். பாராங் முழங்கைக்குக் கீழே இறங்கி எலும்பில் நின்றது. பிடுங்கி இன்னொரு தடவை வீசினதில் தோள்பட்டையில் பட்டது. அதன்பிறகுதான் அவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்ததாம். இதெல்லாம் அவள் பிற்பாடு சொன்னது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போலிஸ்காரர் வந்து கேட்டபோது, வழுக்கிக் கத்தி மேல் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு இடத்திலா என்று அவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இரண்டு இடத்திலும் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கையைத் தைத்துக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். விரல் இரண்டு மடங்கவில்லை. அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவன் வார்டு வாசலில் தலையைக் குனிந்து நின்றான். வெட்டு யார் கையால் விழுந்தது என்று அந்தக் குனிந்த தலையே சொன்னது. அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்போது நான் அக்காவின் காதருகே குனிந்து, "வீட்டுக்கு வந்துரு. திரும்பப் போகாத" என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நன்றாகத்தான் ஆட்டினாள். அதைப் பார்த்ததும் பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நர்ஸ் அம்மாவிடம் மலாயில் சொல்லிவிட்டுப் போனாள்: காயம் பெரியது, ஹருவான் கொடுங்கள்.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். வேறு யாரும் இப்படிக் கோட்டை விடமாட்டார்கள். மாதம் புரட்டாசி. அப்பா செத்த வருஷத்திலிருந்து அம்மா புரட்டாசி முழுவதும் விரதம் பிடிப்பாள். வீட்டில் கவிச்சி ஏறாது. மீன் சமைத்த சட்டியை வாசலுக்கு வெளியே வைத்தாலும் அவள் மனசு ஆறாது. ஒரு பக்கம் பெருமாள், ஒரு பக்கம் மகளின் கை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, வாசலில் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க வீட்டுலயே வெச்சு கொண்டாந்து குடுத்துருங்க தம்பி. நம்ம வீட்டுல இந்த மாசம் மீன் ஆகாது."

அவன் உடனே தலையை ஆட்டினான். நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் அந்த வீட்டில் வளர்ந்த பழக்கம், புரட்டாசியில் மீனைத் தொடாதவள். வேலையில் கையுறை போட்டுத்தான் தொடுவேன், அது கணக்கில் வராது என்று என்னை நானே சமாதானம் செய்துவைத்திருந்தேன். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். வெட்டினவன் கையாலேயே சாப்பாடு போட ஏற்பாடு செய்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் சுத்தபத்தமாக வீட்டுக்கு வந்தோம்.

தினமும் மத்தியானம் ஃபிளாஸ்க்கில் ரசத்தோடு அவன் போனான். நான் வேலை முடிந்து போகிற நேரத்தில் ஃபிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியானமே போனேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து, மீனை விரலால் பிதிர்த்து, முள் தடவிப் பார்த்து, ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குப் பெருசா பாத்து எடுத்தேன். குளத்துலயே அதான் பெருசு. ஒனக்குன்னே அடிச்சேன்" என்றான்.

அக்கா வாயைத் திறந்தாள். ஊட்டினான். அவள் கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். வார்டில் மற்ற கட்டில்காரப் பெண்கள் அதைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த விரல்களில்தான் பாராங் இருந்தது என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

நேரே வீட்டுக்குப் போனேன். சந்தைக்குப் போகக்கூட நேரமில்லை. ஆய்வுக்கூடத்து மீன் ஒன்று என் வேன் பெட்டியில் உயிரோடு இருந்தது. அதை எடுத்து அம்மாவின் சமையலறைத் தரையில் போட்டு, சாக்கு இல்லாததால் கால் துடைக்கும் மிதியடியைப் போட்டு அமுக்கி, அம்மிக்குழவியால் அடித்தேன். ரத்தம் சாமி மாடத்துக்குக் கீழே வரை தெறித்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு அலறினாள்.

"பெருமாள் மாசம்டி. என்னா காரியம் பண்ற நீ?"

"அக்காவுக்கு ரசம் வெக்கறேன்."

"அதான் மாப்ள கொண்டு போறாருல்ல?"

"வெட்டுனவன் கையால அவ ஏன் சாப்பிடணும்? நமக்கு கையில்லையா?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்லா. நல்லா பாத்துக்கிறாரு. ஊரே சொல்லுது."

எதைத் தூக்கி எறிந்தேன் என்று நினைவில்லை. கண்ணாடி உடைந்தது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா மஞ்சள்தண்ணீர் கரைத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தாள். நான் அழுதுகொண்டே ரசம் வைத்தேன்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சுடி" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "இத்தன நாளும் நீங்க யாரும் ஒரு வாய் கொண்டாரல. அவருதான் வந்தாரு" என்றாள்.

புரட்டாசி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் என் நாக்கு அழுகிப்போயிருக்கும். ஐப்பசி பிறந்து, தீபாவளிக்கு முன்னால், தையல் பிரித்த கையோடு அவள் அவன் லோரியில் ஏறிப் பண்ணைக்குத் திரும்பிப் போனாள். இரண்டு விரல் மடங்காமலே நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில், பண்ணையில் தப்பிய மீன்களை வைத்துச் செய்த முதல் சோதனையின் கணக்கும் வந்தது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். மேடும் பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தன. பெரிதாகச் சொல்லும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. கொழுப்பில் ஏற்ற இறக்கம் இருந்தது, ஆனால் சதையைக் கட்டுகிற சரக்கு மூன்றிலும் ஒன்றுதான். தின்றதும் தின்னப்பட்டதும் ஒரே பொருளால் ஆனவை. குளத்திலேயே பெரிசு என்று அவன் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்து திரையைப் பார்த்துச் சிரித்தேன். கம்பெனிக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிசில்தான் சத்து என்று பாட்டிலில் போட்டு விலையை ஏற்றலாம் என்று நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இன்னொரு தடவை, வேறு மீன்களை வைத்துச் செய்து பாருங்கள் என்றார்கள்.

மார்கழியில் மறுபடியும் பண்ணைக்குப் போனேன். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். அக்காவைப் பார்க்க அதைவிட்டால் வழியில்லை, அதனால் நானே போனேன். கால்வாய்க் கரையெல்லாம் சேறு. அக்கா முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் நின்றாள். நான் எடைபோட்டு, சாக்கைப் போட்டு, அடித்து, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச தூரத்தில் குடல் நறுக்கிக்கொண்டிருந்தான். ரொம்ப நல்லவனாக, "டீ குடிக்கிறியா?" என்றுகூடக் கேட்டான்.

அக்கா நடுத்தர மீன்களை வலையோடு தூக்கினாள். மடங்காத விரல்களால் வலையின் ஓரத்தைப் பிடிக்க முடியவில்லை. வலை நழுவி, மீன்கள் கொத்தாகப் பக்கத்துத் தொட்டியில், பெரிசுகளுக்கு நடுவில் போய் விழுந்தன. தண்ணீர் கொதிக்கிற மாதிரி கலங்கியது. கலங்கினதில் சிவப்பும் தெரிந்தது.

அவன் எழுந்தான். அன்றைக்கு மாதிரியே ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு எட்டு வந்தவன் நின்று, திரும்பி, கையைப் பலகைப் பக்கம் நீட்டினான். அக்கா தொட்டிக்குள் நின்றபடியே இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். தழும்பு எனக்கு நேரே தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கை தானாகத் தூக்கிய விதத்தைப் பார்த்ததும்தான், வெட்டு ஒரு தடவை என்றாலும் அடி பல தடவை விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

கட்டை என் கையில் இருந்தது. நீட்டின கையின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓங்கி அடித்தேன். மீன் மண்டை உடையும் சத்தம் வேறு, இது வேறு. காய்ந்த மட்டையை மிதித்த மாதிரிக் கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். இரண்டாவது அடிக்குத் தேவையே இல்லை. ஆனாலும் அடித்தேன், அதே இடத்தில். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. மூன்றாவதற்கு ஓங்கினபோது அக்கா ஈரத்தோடு பாய்ந்து வந்து என்னைச் சேற்றில் தள்ளினாள்.

"கொன்னுருவியாடி? கொன்னுருவியா நீ?" என்று கேட்டாள். துண்டை எடுத்து அவன் கையைச் சுற்றினாள்.

அவளுக்கு வண்டி ஓட்ட வராது, அவனால் ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டினேன். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பின்னால் பெட்டியில் இன்னும் அடிக்காத மீன்கள் மூடியை முட்டிக்கொண்டே வந்தன. அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். ஆஸ்பத்திரியில் அதே கவுண்டரில், எப்படி ஆச்சு என்று கேட்டார்கள்.

"தொட்டி ஓரத்துல வழுக்கி விழுந்துட்டாரு" என்றாள் அக்கா.

அவன் ஆமாம் என்றான். அவனுக்கு வேறு வழியில்லை. என்னைக் காட்டிக் கொடுத்தால் புரட்டாசிக் கதையும் வெளியே வரும். முழங்கைக்கு மேல்வரை கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

அதன்பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டாள். அம்மா மட்டும் எடுத்துப் பேசினாள், பேசினது முழுக்க ஏச்சு. அக்கா புருஷன்மேல் கை வைத்தவளை எவன் கட்டுவான் என்று கேட்டாள். எவனும் கட்ட வேண்டாம் என்றேன். அக்கா இப்போது அவனுக்குக் காலையும் மாலையும் ஊட்டி விடுகிறாளாம், பாவம் அந்தப் பிள்ளை, என்றாள் அம்மா. எனக்கு எரிந்தது. நான் உடைத்ததெல்லாம் அவளை அவனுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் விட்டதுதான் மிச்சம் என்று நினைத்தேன். அந்த வாரம் மீன் அடிக்கும்போது எனக்கு அடி தவறிக்கொண்டே இருந்தது.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். அமிலக் குழாய்களை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. கையுறையைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே எடுத்தேன்.

"அந்த மீன் கணக்கு முடிஞ்சிருச்சா?" என்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"முடிஞ்சிருச்சு. எதுக்கு?"

"சின்னதுல சத்தா, பெருசுல சத்தா?"

எனக்குத் தலைக்கு ஏறியது. "ஏன், ஒன் ராஜாவுக்கு ஊட்டி விடறதுக்கா? எலும்பு சீக்கிரம் கூடணுமா? கூடுனதும் அடுத்த கையையும் நீட்டப்போறியா?"

அவள் நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். அவன் வெளியே இருந்தான் போலிருக்கிறது. பின்னால் தண்ணீர் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் அத கேக்கல. எதுல சத்து கொறச்சல்னு கேக்கறேன்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"டாக்டர் மீன் குடுக்க சொல்லிட்டாரு. இவரும் தினம் கேக்கறாரு. குடுக்காம இருக்க முடியல. அதான், எந்த சைஸ்ல கொறச்சலோ அத குடுக்கலாம்னு. கை சீக்கிரம் ஆறிற கூடாதுடி. கையில சிமெண்டு கட்டு போட்டதுலேருந்து ஒரு அடி விழல. ராத்திரி படுத்தா தூக்கம் வருது."

நான் அடுப்பு மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவளாகவே, "இருக்கியா?" என்று கேட்டாள்.

"இருக்கேன். எல்லாம் ஒண்ணுதான்கா. சின்னதோ பெருசோ, எதுலயும் கொறச்சல் இல்ல."

அவள் யோசித்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப மீனையே நிப்பாட்டிற வேண்டியதுதான். தைப்பூசத்துக்கு விரதம் புடிக்கிறேன்னு சொல்லிர்றேன். வீட்டுல கவிச்சி ஏறாது. சாமி பேரச் சொன்னா அவரும் பேசமாட்டாரு, அம்மாவும் பேசமாட்டாங்க." பிறகு, சாமான் வாங்கி வரச் சொல்கிற குரலில், "கட்டு அவுக்கறதுக்கு முந்தி நீ வேன கொண்டாந்துரு. எனக்குத் துணி ஒரு பைதான்" என்றாள்.

விரதமாக வந்து எங்களிடமிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போனது, விரதமாகவே திருப்பிக் கொடுத்தது. நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனாலும் இதை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

சொன்ன நாளில் காலையிலேயே போனேன். அவன் கூடத்தில் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டில் சோறும் பருப்பும் கீரையும் இருந்தன. என்னைப் பார்த்ததும் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பயந்துவிட்டான் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

"குளம் பூரா மீன வெச்சிகிட்டு கீரை திங்கறேன்" என்றான், யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் என்னிடமே. "ஒங்கக்கா விரதமாம்."

"விரதத்த கெடுக்க கூடாது மாமா" என்றேன்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். "கோயிலுக்கா?" என்று கேட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தொட்டிகளைத் தாண்டும்போது ஒரு இடத்தில் நின்றாள். நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் நடுவிலிருந்த குழாயில் குனிந்து, வலையை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து வேனில் ஏறினாள். நான் வண்டியை எடுத்தேன்.

பெரிய ரோட்டுக்கு வரும்வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். லோரி எதுவும் பின்னால் வரவில்லை. ஒற்றைக் கையால் எப்படி ஓட்டுவான் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அப்போதுதான் சீட்டில் சாய்ந்தாள். இடது கையை மடியில் வைத்து, மடங்காத இரண்டு விரலையும் மற்றக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள். சாலையோரம் சாப்பாட்டுக் கடைகள் வர ஆரம்பித்தன.

"எங்கயாச்சும் நிறுத்துடி" என்றாள். "எனக்கு மீன் சாப்பிடணும்."